தறி மேடையில் சிரிப்புப் பாட்டு

கேள்வி: தறியில் உட்கார்ந்து கேட்பதற்காகப் பழைய நகைச்சுவைப் பாடல்களை ஒரு பென்டிரைவில் தொகுக்கிறேன். முதலில் எதைப் போடலாம்? (பிள்ளையார்பாளையம் வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: உங்கள் ஊர்க்காரர் அண்ணா இருக்கும்போது வெளியூரில் தேடுவானேன்! அவர் கதை வசனம் எழுதி 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் நடத்தும் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் போடுங்கள். நந்தன் கதையைக் கேலியாகத் திருப்பிப் போட்டது அது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கலைவாணரின் கிந்தனுக்குப் படிப்பின் மேல் ஆசை. பாகவதர் பாணி, பின்பாட்டு, இடையிடையே உபகதை எல்லாம் அச்சு அசல். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சாதிக்குச் சூடு விழுவது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். இன்று யாராவது இப்படிப் பாடினால் முதலில் வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து 'ராஜா ராணி'யில் (1956) கலைவாணர் விதவிதமாகச் சிரித்துக் காட்டும் பாட்டு. சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பக்கத்துத் தறிக்காரர் கூலி உயர்ந்துவிட்டதென்று நினைத்து ஓடி வருவார்.

சந்திரபாபு இல்லாமல் தொகுப்பா? தூத்துக்குடிக்காரர். மேற்கத்திய யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து, தன் சொந்தக் குரலிலேயே பாடியவர். குரல் திடீரென்று மேலே தாவும். கூடவே உங்கள் கால் மிதியும் தாவும். ஆகவே வெற்றுடல் நெய்யும்போது மட்டும் கேளுங்கள். கோர்வைக் கரை போடும்போது வேண்டாம். பக்கத்தில் நாடா தள்ளும் பையன் குலுங்கினால் கரை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். அதையும் 'புது டிசைன்' என்று ஒரு கடைக்காரர் விற்றுவிடுவார் என்பது வேறு விஷயம்.