லைக்குக்குச் சில்லறை கிடையாது, மருமகனே

மருமகனே, நீ கோவில்பட்டியில பொஸ்தகக் கடை போட்டிருக்கன்னு உங்கம்மா வந்து சொன்னா. சந்தோசம். கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர்ல பொஸ்தகம் விக்க உக்காந்தவனுக்கு நெஞ்சழுத்தம் வேணும். அது நம்ம குடும்பத்துக்குத் தேவைக்கு மேலயே உண்டு.

பேத்தி போன்ல உன் கடைப் பக்கத்தைக் காட்டினா. பாத்தேன்யா. ஒரு காப்பி டம்ளர், பக்கத்துல ஒரு பொஸ்தகம், பொஸ்தகத்து மேல ஒரு காஞ்ச பூ. மறுநா அதே டம்ளர், வேற பொஸ்தகம். அதுக்கு மறுநாளும் டம்ளர்தான். கீழ ரெண்டு பேர் டம்ளர் எங்க வாங்கினதுன்னு கேட்டிருக்காக, நீயும் கடை பேரு, தெரு பேரு எல்லாம் சொல்லிப் பதில் போட்டிருக்க. பொஸ்தகம் என்ன விலைன்னு கேட்டவருக்கு மட்டும் ‘இன்பாக்ஸ் வாங்க’ங்கிற. ஏன்யா, விலையைச் சபையில சொல்லக் கூச்சமா? அதைத்தான் பின்னட்டையிலேயே அச்சடிச்சு வச்சிருக்கானே!

முந்நூறு லைக் வந்துச்சுன்னு உங்கம்மா தெரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறா. அதுல முக்காவாசி நம்ம சொந்தக்காரக. உன் கல்யாணப் பத்திரிகைக்கும் லைக் போட்டாக, எத்தனை பேர் வந்து மொய் எழுதினாகன்னு நோட்டை எடுத்துப் பாரு.

உன்னைய மட்டும் கேலி பண்ணினா நாயமில்லைன்னு, மத்த தேசத்துப் பொஸ்தகக் கடைக்காரக இந்தப் போனை வச்சு என்ன பண்றாகன்னு பேத்தியைப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். பிரான்ஸ்ல போர்தோன்னு ஒரு ஊர். அங்க மொல்லான்னு ஒரு கடை, 1896-ல வச்சது. கடையில வேலை பாக்குற ஆளுகளே பொஸ்தக அட்டையில இருக்கிற மூஞ்சியைத் தன் மூஞ்சிக்கு நேராப் பிடிச்சு நிக்காக. தலை அட்டை, உடம்பு ஆளு. சட்டைக் கலரு, கை நிக்கிற வாக்கு எல்லாம் ஒட்டிக்கிட்டு வருது. இன்ஸ்டாகிராம்ல உலகமே பாத்துச் சிரிச்சிருக்கு. பாக்கிறவனுக்கு அட்டையும் மனசுல நிக்குது, கடை ஆளும் மனசுல நிக்காரு. உன் படத்துல டம்ளர்தான் நிக்குது.

இன்னொண்ணு கேளு. இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் பீட்டர்ஸ்ஃபீல்டுன்னு சின்ன ஊரு. அங்க ஒரு கடை, 1918-லயிருந்து இருக்கு. 2020 ஜனவரி 14, ஒரே மழையும் காத்தும். பகல் பூரா ஒரு பொஸ்தகம் விக்கலை. கடைக்காரக ட்விட்டர்ல ஒளிக்காமச் சொல்லிட்டாக: இன்னைக்கு ஒண்ணுகூடப் போகலை, கல்லாவுல வந்தது 0.00 பவுண்டு. ஆளில்லாத கடையைப் படம் பிடிச்சும் போட்டாக. நீல் கெய்மன்னு ஒரு எழுத்தாளர், அவர் பின்னால லட்சக்கணக்கான பேரு. அவர் அதை எடுத்துப் பரப்பினாரு. விடியுறதுக்குள்ள ஆயிரம் பவுண்டு வாக்குல ஆர்டர்.

நீ இப்ப என்ன நெனைக்கிறன்னு எனக்குத் தெரியும். நாளைக்கே ‘இன்னைக்கு வியாபாரம் பூஜ்யம்’னு ஒண்ணு போடப் போற. போடாத. அது நூறு வருசம் நின்ன கடை, ஒருநா படுத்துக்கிட்டா அது சேதி. உன் கடை திறந்து, ஒரு பிள்ளை பொறந்து தவழுற காலம்கூட ஆகலை. அதுல இன்னொரு விசயத்தையும் நீ கவனிக்க மாட்ட. அவுக அழுத அழுகையோடயே, எங்க சரக்கு பூரா இந்த இடத்துல பட்டியல் போட்டிருக்கு, கால்வாசி விலை தள்ளுபடின்னும் சொல்லியிருக்காக. இரக்கப்பட்டவன் அந்த நிமிசமே வாங்க முடிஞ்சுது. உன்னைப் பாத்து ஒருத்தன் இரக்கப்பட்டான்னு வையி, எதை வாங்குவான்? டம்ளரையா?

ஊரைக் கூப்பிடுறதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. நியூயார்க்குல ஸ்ட்ராண்டுன்னு 1927-ல வச்ச கடை. கொரோனா வந்து வியாபாரம் படுத்துப்போக, 2020 அக்டோபர்ல ‘காப்பாத்துங்க’ன்னு ட்விட்டர்ல கேட்டாக. அந்த ஒரு வாரக்கடைசியில மட்டும் 25,000 ஆர்டர், அவுக இணையக் கடையே மூச்சு முட்டிப்போச்சு. சனம் பொஸ்தகத்தையும் வாங்கிச்சு, கையோட கணக்கையும் கேட்டுச்சு. வேலைக்காரகளை ஏன் நிறுத்தினீக? கடை முதலாளியம்மா அந்த வருசமே, பொஸ்தகக் கடைகளுக்குப் போட்டியான அமேசான்ல பங்கு வாங்கியிருக்காகளே, அது என்னத்துக்கு? இப்படி. ஊரைக் கூப்பிட்டா ஊரு கல்லாப்பெட்டியையும் எட்டிப் பாக்கும். அதுக்குத் தைரியமிருந்தாக் கூப்பிடு.

எனக்குப் பிடிச்ச ஆளு ஸ்காட்லாந்துல விக்டவுன்ங்கிற ஊர்ல இருக்காரு, ஷான் பைத்தெல்னு பேரு. பழைய பொஸ்தகக் கடை. கிண்டில்ங்கிற மின்பொஸ்தகக் கருவி ஒண்ணைத் துப்பாக்கியால சுட்டு, செத்த மானுத் தலையை மாட்டுற மாதிரிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டியிருக்காரு. வாங்க வர்றவுக அடிக்கிற கூத்தை ஃபேஸ்புக்ல நக்கல் பண்ணி எழுதுவாரு. வசவு வாங்கவே ஆளு தேடிப் போகுதுன்னா பாத்துக்கோ. அப்புறம் அந்தக் கடை நாட்குறிப்பையே 2017-ல பொஸ்தகமாப் போட்டு அதையும் வித்துட்டாரு. உனக்குச் சிடுசிடுப்பு இருக்கு, அது வீணாப் போகுதேன்னுதான் சொல்றேன். தள்ளுபடிக்குப் பேரம் பேசிட்டுச் சும்மா போறானே, அவனைப் பத்தி எழுது. பேரை மட்டும் விட்டுரு, சாயங்காலம் பஜார்ல அவன் மூஞ்சியில முழிக்கணும்.

இன்னொரு சூட்சுமம். 2018 ஜனவரியிலயே ஃபேஸ்புக்காரன் சொல்லிட்டான்: சொந்தபந்தம், சேக்காளி போடுறதுக்குத்தான் முதல் இடம், கடைப் பக்கமெல்லாம் பின்னாலன்னு. அதனால உன் கடைப் பேர்ல நீ கத்துறது உன் எதுத்த வீட்டுக்கே எட்டாது. வாட்ஸ்அப்ல மொத்தமா அனுப்புறியே, அதுவும் உன் நம்பரைத் தன் போன்ல பதிஞ்சு வச்சிருக்கிறவனுக்கு மட்டும்தான் போகும். அப்ப என்ன செய்யணும்? பில்லு போடையில, ‘அண்ணாச்சி, நம்ம நம்பரைப் பதிஞ்சுக்கோங்க’ன்னு வாயைத் திறந்து கேக்கணும். உனக்குத்தான் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திருமே.

வெளியூருக்கு அனுப்புறேன்னு ரொம்பவும் குதிக்காத. மலிவாப் போய்க்கிட்டிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரோட நிறுத்திட்டாக. நூறு ரூபாப் பொஸ்தகத்துக்கு அனுப்புற கூலியையும் சேத்துக் கேட்டா வாங்குறவன் ஒரு நிமிசம் யோசிப்பான். நடந்து வர்ற ஆளுதான் உனக்குத் தோது.

நடந்து வர என்ன குறை இந்தச் சீமையில? பக்கத்துல இடைசெவல், ஒத்தைச் சின்ன ஊரு. அங்க பொறந்த கு. அழகிரிசாமிக்கு 1970-ல சாகித்ய அகாடமி, கி. ராஜநாராயணனுக்கு 1991-ல. பூமணி 2014-ல ‘அஞ்ஞாடி’க்கு வாங்கினாரு, சோ. தருமன் 2019-ல ‘சூல்’ நாவலுக்கு வாங்கினாரு. எல்லாரும் இந்தக் கரிசல் மண்ணுதான். போன்ல உன் கடைப் பக்கத்துல ஜப்பான் எழுத்தாளர் இருக்காரு, ருஷிய எழுத்தாளர் இருக்காரு, இவுகள்ல ஒருத்தரைக் காணோம். ‘சூல்’ கண்மாயைப் பத்தின கதை. நம்ம பக்கம் கண்மாய்த் தண்ணிக்குச் சண்டை போடாதவன் எவன்? மடை திறக்கிற பெருசு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து, ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டி, ‘இது நெசமா தாத்தா?’ன்னு கேட்டு வீடியோ எடு. அவர் ‘பொய்யி’ன்னு சொன்னாலும் போடு. அவரைப் பாக்க அவர் ஊரே வரும், மறுத்துப் பேச நாலு பேர் கடைக்கே வருவாக. வந்தவனுக்கு ஒரு ஸ்டூல் போடு.

எழுதுறவுக யாரையாச்சும் கூப்பிட்டுக் கூட்டம் வச்சா, கூட்டம் முடிஞ்ச பிறகு படம் போடாத. போன வாரக் கூட்டத்தை நான் இந்த வாரம் பாத்து என்ன பண்ண? முன்கூட்டிச் சொல்லு, பஸ்ஸுக்குக் காசு தேத்துறதுக்காச்சும் நேரம் கிடைக்கும்.

கடைசியா ஒண்ணு. உன் பக்கத்தை மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்துட்டோம், கடை எத்தனை மணிக்குத் திறக்குற, எத்தனை மணிக்குப் பூட்டுற, என்னைக்கு லீவுன்னு எங்கயும் இல்லை. போன வியாழக்கிழமை மத்தியானம் வந்து பூட்டைப் பாத்துட்டுத்தான் திரும்பினேன். முதல்ல அதைப் போடுய்யா.