குடும்ப அட்டையில் பாஸ் பெயரைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத் தலைவர் (மனைவி ஆட்சேபிக்காதவரை).

பெறுநர்: வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்.

பொருள்: குடும்ப அட்டையில் பெயர் நீக்கல் மற்றும் சேர்த்தல் – தொடர்பாக.

பார்வை: என் மனைவி நேற்றிரவு வாய்மொழியாகப் பிறப்பித்த உத்தரவு.

ஐயா / அம்மா,

நேற்றிரவு பதினொன்றரை மணிக்குச் சோறு ஆறிக்கிடக்க, நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு அப்டேட் முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது என்ன காய்ச்சல்ல கிடக்குற புள்ளையா, பக்கத்துலயே உக்காந்துருக்கீங்க? பேசாம ரேஷன் கார்டுல சேத்துருங்க" என்றாள் என் மனைவி. கோபத்தில் சொன்னதுதான். இருந்தாலும் படுத்துக்கொண்டு யோசித்தபோது அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. ஆகவே இந்த மனு.

முதலில் நீக்கல். எங்கள் வீட்டில் விண்டோஸ் 7 என்று ஒருவர் இருந்தார். 2020 ஜனவரி 14 அன்று அவர் ஆயுள் முடிவதாகக் கம்பெனி முன்கூட்டியே அறிவித்து, அறிவித்தபடியே முடித்துவைத்தது. அன்று போகிப் பண்டிகை. அமெரிக்காவில் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கிற ஆள் யாரோ இருக்கிறார். கடை கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால். போகிற தேதியை முன்பே சொல்லிவிட்டு அதே தேதியில் போய்ச் சேருகிறவர்களை நான் ஜீவசமாதிக் கதைகளில்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சாவைப் பதிய 21 நாள் அவகாசம் என்று தெரியும். தாமதத்துக்கு மன்னிக்கவும், பிணம் தினமும் காலையில் எழுந்து நல்வரவு சொல்வதால் தயங்கிவிட்டேன். வாரிசாகப் பதினொன்றாமவரைக் கூப்பிடலாம் என்றால், அவர் வர போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு இருக்க வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டார் சீர் கேட்பது போலக் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. நல்ல திடகாத்திரமான பெட்டி, இந்த ஒரு காரணத்துக்காகக் கிழவன் கணக்கில் வந்துவிட்டது.

நாள் குறிப்பது எங்களுக்குப் புதிதில்லை. பாம்பன் ரயில் பாலத்தை 1914-இல் திறந்தார்கள். 1964 புயலில் கர்டர்கள் பிய்த்துக்கொண்டு போயின. 46 நாளில் தூக்கி நிறுத்தினார்கள். கப்பல் வந்தால் ஆட்கள் நின்று இரும்பு நெம்புகோலைக் கையால் சுற்றித் தூக்குப் பாலத்தைத் திறப்பார்கள். உப்புக்காற்று தின்னத் தின்ன, வண்ணம் அடித்து அடித்து 108 வருஷம் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் வண்டி எதுவும் கடலைத் தாண்டவில்லை. மூட்டை முடிச்சோடு இறங்கிப் பஸ் பிடித்தவர்களில் பாதிப் பேர் என் கடையில்தான் வழி கேட்டார்கள். கையால் சுற்றிய பாலத்துக்கு 108 வருஷம், மௌஸால் சுற்றியதற்குப் பத்து வருஷம். கணக்கை மட்டும் சொன்னேன், குறையாக இல்லை.

இனி சேர்த்தல்.

உறுப்பினர் பெயர்: பாஸ். முழுப்பெயர் 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் முதலெழுத்துகள். கடைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் எல்லாரையும் "பாஸ்" என்று கூப்பிடுகிற காலத்தில், நிஜமாகவே அந்தப் பெயர் உள்ளவன் இவன் ஒருவன்தான்.

பிறந்த வருஷம்: 2007. பிறந்த இடம்: மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், சென்னை.

தந்தை பெயர்: டெபியன். 1993-இல் இயான் மர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டிப் பெயர் வைத்தார். நம்மூரில் ஆட்டோவுக்குப் பின்னால் எழுதுவதைத்தான் அவர் அங்கே செய்தார்.

பாட்டன்: லினக்ஸ். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது. ஆக மூன்று தலைமுறையிலும் யாரும் குடும்பத்தை உருப்பட வைக்கிற உத்தேசத்தோடு தொடங்கவில்லை.

வீட்டுக்கு வந்த விதம்: 2011-இல் அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்த என் மகளுக்குக் கிடைத்த லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்தான். (மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதும் ஒரு செப்டம்பர் 15-தான், 2023-இல். எங்கள் வீட்டுக் குடும்பத் தலைவிக்கும் பாஸுக்கும் ஆகாமல் போனதற்கு இருவருக்கும் ஒரே ராசி என்பது காரணமாக இருக்கலாம்.) அரசு அதை 'இலவச' என்று சொல்லாமல் 'விலையில்லா' என்று சொன்னது. அந்தச் சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் ஒன்று இருப்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அப்போது ஊரில் எல்லாப் பிள்ளைகள் லேப்டாப்பிலும் திறந்தவுடன் இரண்டு பெயர் வரும். கீழே இருந்த இரண்டாவது பெயரை யாரும் தொடவில்லை. கொஞ்ச நாளில் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றிக்கொண்டார்கள். பந்தியில் இலை போட்டும் பரிமாறாமல் விட்ட கதை. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறித்த நாள் வந்தபோது, தமிழ்நாடு அரசே தன் அலுவலகங்களைப் பாஸ் பக்கம் போகச் சொன்னது. எத்தனை மேசை கேட்டது என்ற விவரம் மேசைகளுக்குத்தான் தெரியும்.

என் மகளும் தொடவில்லை. நான்தான் விண்டோஸ் போன பிறகு, வேறு வழியில்லாமல், ஒரு மழைநாளில் இரண்டாவது பெயரை அழுத்தினேன். அன்று பிடித்தது.

இந்தக் கடற்கரையில் ஒரு லேப்டாப்பை வைத்துக் காப்பாற்றுவது என்ன என்று தாங்கள் அறிய வேண்டும். வாடைக்காற்று மாதத்தில் யுஎஸ்பி வாயில் பச்சைக் களிம்பு பிடிக்கும். திடீரென்று ஒருநாள் திறந்தால் திரை கறுப்பு; மூன்று முறை 'பீப்' என்று முனகும். உடனே பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, ராமை மெதுவாக நெம்பி எடுத்து, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அழுக்கு பல்லிடுக்கில் போகும். ரப்பர் துகளை வாயால் ஊதக் கூடாது, எச்சிலில் ஈரம் உண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டினால் எழுந்துவிடுவான். ராமேஸ்வரம் வட்டாரத்தில் ராமைத் தொட்டுக் கும்பிடாமல் எதுவும் கிளம்பாது என்பது என் அனுபவம்.

பட்டா விஷயம் வருவாய்த் துறையோடு நெருங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸுக்குக் காசு கொடுத்தாலும் அதன் உரிமப் பத்திரத்தில், இது உனக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே என்று போட்டிருக்கிறது. அதாவது குத்தகை. பாஸ் வம்சத்துப் பத்திரம் வேறு மாதிரி: எடுத்துக்கொள், பிரித்துப் பார், மாற்று, பக்கத்து வீட்டுக்கும் கொடு. ஆனால் எந்த உத்தரவாதமும் கிடையாது, சுவர் இடிந்தால் எங்களைக் கேட்காதே. அனுபவ பாத்தியதை முழுசாக என்னுடையது. இடிகிற சுவரும் என்னுடையது. இந்த மனு எழுதுகிற அளவுக்கு நான் முற்றிப்போனது இந்த இரண்டாவது வரியால்தான். குத்தகை வீட்டில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரனைத் திட்டிவிட்டுப் படுத்துவிடலாம். விண்டோஸ் தொங்கினால் எல்லாரும் விண்டோஸைத் திட்டுகிறார்கள். பாஸ் தொங்கினால் என்னைத் திட்டுகிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பி பென்டிரைவில் ஒரு மனுவைக் கொண்டுவந்தார். பழைய எழுத்துருவில் யாரோ அடித்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணை போட்டுவிட்டது, இது எழுத்துருக் கோளாறு, சிஸ்டத்தின் குற்றமில்லை என்று கால்மணி நேரம் விளக்கினேன். "ஒங்க சிஸ்டம் சரியில்லண்ணே, பக்கத்துக் கடையில எடுத்துக்கிறேன்" என்று பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் மகனைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவனின் முகம் எனக்கு. அன்றிரவு அந்தப் பழைய எழுத்துருக்கள் எல்லாவற்றையும் தேடி ஏற்றினேன். அந்தத் தம்பி இன்னும் திரும்ப வரவில்லை. வந்தால் தயாராக இருக்கிறோம்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சடிக்கும் மெனுவில் 'அச்சு பணி' என்று இருந்தது. 'ப்' இல்லை. தமிழாக்கம் செய்தவர்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள், குற்றம் சொல்வது பாவம். ஆனால் நாளைக்கு முப்பது தடவை அந்த ஒற்றில்லாச் சொல்லைப் பார்த்தால் பல்லில் கல் கடிபடுகிறது. திருத்தி அனுப்பினேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு அப்டேட்டில் 'அச்சுப் பணி' என்று வந்தது. டொரண்டோவிலோ யாழ்ப்பாணத்திலோ தமிழில் அச்சடிக்கிறவர் திரையில் மண்டபத்து 'ப்' ஒன்று நிற்கிறது. அன்றிலிருந்து பிரிண்டர் எங்கே சிக்கினாலும் என் ஒற்றால்தானோ என்று ஒரு குறுகுறுப்பு.

குணநலன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாத வேலை எதையாவது செய்யப்போனால், 'நீ நிர்வாகிகள் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும்' என்பான். யாரிடம் என்று வெகுநாள் பயந்தேன். விசாரித்தால் நிர்வாகியிடம். நிர்வாகி நான்தான். என்னைப் பற்றிய புகார் எனக்கே வந்து, நானே படித்து, நானே நடவடிக்கை கைவிடப்பட்டது என்று முடிக்கிறேன். எந்த அதிகாரிமேல் மனு கொடுத்தாலும் 'தக்க நடவடிக்கைக்காக' அதே அதிகாரிக்கே அனுப்பப்படுவதை அறிந்த நாட்டில், இவன் நம்மவன் என்பதற்கு வேறு இருப்பிடச் சான்று தேவையில்லை.

இவ்வளவு ஒட்டுதல் கிறுக்குத்தனம் என்று தாங்கள் நினைத்தால், தடைக்காலத்தில் ஒருமுறை வந்து எங்கள் கடற்கரையைப் பார்க்க வேண்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அப்போதுதான் மராமத்து. கடைக்குப் பேப்பர் படிக்க வருகிற பாய் ஒருவர், வருஷாவருஷம் அந்த இரண்டு மாதமும் படகின் அடியிலேயே கிடப்பார். பலகை மாற்றியாயிற்று, இன்ஜின் இரண்டு முறை மாற்றியாயிற்று, பெயர் எழுதிய முகப்புப் பலகைகூடப் புதுசு. "இதுல பழசு என்ன பாய் இருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கடன் இருக்குண்ணே" என்றார். என் கேஸில் கடன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பாஸிலும் கர்னல் மாறிவிட்டது, திரை மாறிவிட்டது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். எனக்குத் தெரிந்து மாறாதது ஒன்றுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சேர்ப்பதால் அரசுக்குச் செலவில்லை. அரிசி, சர்க்கரை, பாமாயில் எதுவும் வேண்டாம். பொருளில்லா அட்டை என்று ஒரு வகை உண்டல்லவா, இவனை அந்த வகையில் வைத்துக்கொள்ளலாம். கைரேகை கேட்டால் கொஞ்சம் சிக்கல். விசைப்பலகை முழுக்க இருப்பது என் ரேகைதான். 'அ' தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டையாகிவிட்டது.

மற்றபடி படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன், 'உறவுமுறை' கட்டத்தைத் தவிர. மகன் என்று எழுதப்போனேன், மனைவி கையைப் பிடித்துவிட்டாள். என் மகளுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போனபோது அவள் பெயரை எங்கள் அட்டையிலிருந்து நீக்கிக் கொடுத்தது தங்களுக்கு நினைவிருக்காது. முறைப்படி அப்படித்தான் செய்ய வேண்டும். லேப்டாப்பை அவள் கேட்கவில்லை. போனிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறதாம். லேப்டாப்பில் கணக்கு இன்னமும் அவள் பெயரில்தான் இருக்கிறது. மாற்றுவதற்கு ஒரு கட்டளை போதும், எனக்குத் தெரியும். காலையில் கடை திறந்ததும் அவள் பெயரை அடித்து, பத்தாம் வகுப்பில் அவள் வைத்திருந்த பூனையின் பெயரைக் கடவுச்சொல்லாக அடித்துத்தான் உள்ளே போகிறேன்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அலுவலகமே ஒரு வழி சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண்டபம் ஜெராக்ஸ் கடைக்காரர்