சிவப்புக் காலிப்பர் மகாத்மியம்

ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்வதில் பிரேக், சக்கரம், சஸ்பென்ஷன் என மூன்று படலங்கள் உண்டு. எதை முதலில் மாற்றுவது என்பதில் மெக்கானிக்குக்கும் உரிமையாளருக்கும் ஒத்துப்போவதில்லை. மெக்கானிக் கண்ணுக்குத் தெரியாததிலிருந்து தொடங்குவார். உரிமையாளர் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவதிலிருந்து.

1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்ளலாம். இரண்டே இருக்கை, 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. சாலையில் குறை சொல்ல முடியாத வண்டி. குறைகள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில்தான் தெரியவரும். அங்குள்ள 20.8 கிலோமீட்டர் நோர்ட்ஷ்லைஃபே தடத்தில், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில், கட்டணம் கட்டியவர்கள் சொந்தக் காரை ஓட்டலாம். அப்போது அது சட்டப்படி சுங்கச்சாலை. வலப்புறம் முந்தக் கூடாது. சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கெடுக்கக் கூடாது. ஆக, அங்கே பந்தய வீரரே கிடையாது. ஹெல்மெட் போட்ட பயணிகள்தான் உண்டு.

முதலில் பிரேக். ஆயிரம் கிலோ காரை 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறக்கினால் சுமார் 740 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறும். இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர அது போதும். வளைவுக்கு வளைவு இருபது பேருக்கு டீ போடலாம். இந்தச் சூடு டிஸ்க்கிலிருந்து பேடுக்கும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருப்பதால், நாளடைவில் 155 வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். பெடல் தரையைத் தொடும் அந்த நொடியில் எந்த நாட்டுக்காரருக்கும் குலதெய்வம் நினைவுக்கு வரும்.

ஆகவே புது ஆயிலும் அதிகச் சூடு தாங்கும் பேடும் முதல் தேவை. பந்தயப் பேடுக்கும் ஒரு குணம் உண்டு: சூடேறாமல் சரியாகப் பிடிக்காது. காலையில் பால் வாங்கப் போனால் வண்டி நிற்கத் தாமதமாகும். நிற்கும்போது எழும் கிறீச்சில் தெருவே விழித்துக்கொள்ளும். பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பரும் டிஸ்க்கும் பெரிதானால் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும், உண்மைதான். ஆனால் ஒரே ஒருமுறை மிதிக்கும்போது வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. காலிப்பரின் சிவப்புப் பெயின்டுக்கு இதில் பங்கில்லை.

இரண்டாவது, சக்கரம். பெரிய காலிப்பர் வாங்கியவருக்கு அது பழைய 14 அங்குல ரிம்முக்குள் நுழையாது என்பது மாட்டும்போதுதான் தெரியும். 15 அங்குலம் போதும் என்பார் மெக்கானிக். ‘பார்வையாக இருக்கும்’ என்று 17இல் போய் நிற்பார் உரிமையாளர். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குவது. கூடினால் வண்டி முடுக்கத்தில் சோம்பும், மேடுபள்ளத்தில் துள்ளும். தேட வேண்டியது எடை குறைந்த ரிம்மும் நல்ல டயரும். பள்ளக்கோடுகள் குறைந்த செமி-ஸ்லிக் டயர் காய்ந்த தடத்தில் பசைபோல் ஒட்டும். தண்ணீர் தேங்கினால் வழுக்கும். நோர்ட்ஷ்லைஃபேயின் ஒரு முனையில் வெயில் அடிக்கும்போதே மறுமுனையில் மழை பெய்வது சகஜம்.

மூன்றாவது, சஸ்பென்ஷன். டயர் நன்றாகப் பிடித்தால் வளைவில் வண்டி அதிகமாகச் சாயும். டயரின் வெளியோரம் தேயும். அதற்குத்தான் கடினமான ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், ஆன்ட்டி-ரோல் பார் எல்லாம். சக்கரத்தின் மேல்பக்கம் இரண்டு, மூன்று டிகிரி உள்ளே சாயும்படி கேம்பர் வைத்தால் வளைவில் டயர் முழு அகலத்துக்கும் தரையில் படியும். கடினம் கூடினாலும் ஆபத்து: மேடுபள்ளமான தடத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்பும், எழும்பிய சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை.

ஸ்பிரிங் மாற்றியதற்கு ஜெர்மனியில் ஆய்வுச் சான்றும் வேண்டும்; இல்லாவிட்டால் பொதுச்சாலையில் ஓட்டும் அனுமதி போய்விடலாம். தடத்தில் பிடித்த நொடிகளை ஆய்வு நிலைய வரிசையில் விட வேண்டியதுதான்.

முறையான வரிசை இதுதான்: ஆயில், பேடு, டயர், கேம்பரைச் சரிசெய்யும் அலைன்மென்ட். பிறகு தேர்ந்த பயிற்றுநர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மீதியில் பாதி தேவையில்லை என்று அவரே சொல்லிவிடுவார். இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்தது பிரேக் ஆயில். தடத்துக்குப் போகுமுன் அதை மாற்றிவிடுங்கள்.