மும்மூர்த்திகளை மிஞ்சியவருக்கு

சுசீந்திரத்தில் தாணு, மால், அயன் மூவரும் ஒன்றாகக் கோயில் கொண்டிருக்கிறார்கள். படைக்க ஒருவர், காக்க ஒருவர், அழிக்க ஒருவர். அறிவியல் நாவலுக்குப் புதுக் கிரகம் படைக்கும் எழுத்தாளரே, உமக்கு அந்தக் கூட்டாளிகள் எதற்கு? ஒரே பத்தியில் இரண்டு சூரியன், மூன்று நிலா, ஊதா நிறக் கடல். அடுத்த பத்தியில் நாயகன் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சார மூச்சிழுக்கிறான். கை என்றால் உம் கைதான்!

பூமிக்கு இந்த வேகம் கிடையாது. நீலப்பச்சைப் பாசிகள் கடலுக்குள் யுகயுகமாகப் பாடுபட்ட பிறகு, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கே காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியது. உம் கிரகத்தின் நிலமோ வெறும் பாறைக்காடு. பாசிகூட இல்லாமல் காற்றைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்.

எங்கள் ஊர் ஆறான பழையாறு ஏழை. மேற்கு மலையில் மழை விழுந்தால்தான் அதற்குத் தண்ணீர். பூமி 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதால் பருவங்கள் மாறுகின்றன, காற்று திசை திரும்புகிறது. ஆனி ஆடிச் சாரலை நம்பிக் கன்னிப்பூ நெல்லும், ஐப்பசி மழையை நம்பிக் கும்பப்பூ நெல்லும் விளைகின்றன. உம் ஆறு மலையையும் கேட்பதில்லை, மழையையும் கேட்பதில்லை. வருஷம் முழுக்கக் கரை புரள்கிறது.

2016இல் கண்டறியப்பட்ட பிராக்சிமா பி என்ற கிரகம் தன் சிவப்புக் குள்ள விண்மீனைப் பதினொரு நாள் சொச்சத்தில் சுற்றிவிடுகிறது. அத்தனை நெருக்கத்தில் ஒரு பக்கம் ஓயாத பகலும் மறுபக்கம் விடியாத இரவுமாக இருக்கலாம் என்று வானியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். உம் கிரகமும் அப்படியொரு விண்மீனை ஒட்டித்தான் சுற்றுகிறது. அங்கே மட்டும் ஆறு மணிக்கு விடிகிறது. சேவல் இல்லாததுதான் குறை.

அறிவியல் நாவலாசிரியர் ஹால் கிளெமென்ட் வீணாகச் சிரமப்பட்டார். மெஸ்க்ளின் என்ற கிரகத்தின் ஈர்ப்பை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பத் தரையோடு ஊரும், சாணுயரத்திலிருந்து விழவும் அஞ்சும் உயிர்களை அமைத்தார். உம் கிரகத்தில் ஈர்ப்பு இரு மடங்கு என்கிறது இரண்டாம் அத்தியாயம். ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகன் பாறைக்குப் பாறை தாவுகிறான். அவன் முழங்காலை வாழ்த்துகிறேன்.

2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்தில் ஒரு நாரை நிற்க எத்தனை வேண்டியிருக்கிறது! நாரைக்கு மீன், மீனுக்குப் பூச்சியும் பாசியும், பாசிக்கு வெயில், குளத்துக்குக் கால்வாய்த் தண்ணீர். ஒன்று அறுந்தால் நாரை வேறு குளம் தேடும். உம் பறவைகளோ எதையும் தின்னாமலே வானத்தை மறைக்கின்றன.

உம் மனிதர்களும் அதே ஜாதி. பசியில்லை, தாகமில்லை, ஓடினால் இளைப்பில்லை. நிலம் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஆகவே பயமும் இல்லை, ஆசையும் இல்லை, ஒருவருக்கு ஒருவர் தேவையும் இல்லை. அங்கே யாரும் சாகவும் மாட்டார்கள். சாவதற்கு முதலில் உயிர் வேண்டுமே!