பிளக் மீது பழி

பழைய யெஸ்டி பைக் பாதி வழியில் நின்றால் முதலில் கைதாவது பிளக்தான். அதைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலையே 1996-இல் மூடப்பட்டுவிட்டது. இந்த விசாரணை முறைக்கு மட்டும் மூடுவிழா இல்லை. கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான் பிளக் செய்த குற்றம். "புதுசு போட்டதும் ஓடுகிறதே?" என்பார்கள். ஓடும். கழற்றி மாட்டுவதற்குள் இன்ஜின் ஆறிவிட்டதே! சூடேறியதும் மறுபடி நிற்கும். ஆறினால் கிளம்பி, சூட்டில் நிற்கும் வண்டியில் முதல் சந்தேகம் கண்டன்சர் மீதும் காயில் மீதும் விழ வேண்டும். பாயிண்ட் முனைகள் கருகி, அவற்றுக்கிடையே பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்சர் கையும் களவுமாகச் சிக்கியது என்று பொருள்.

டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் பிளக் கரிபிடிப்பது சகஜம்தானே என்ற வாதம் நியாயமானதே. ஆனால் அப்படிக் கெட்ட பிளக்கின் முனை ஆயிலில் ஊறிக் கறுத்திருக்கும். காப்பிப்பொடி நிறத்தில் வெளியே வந்தால் அந்தக் குற்றத்தில் அது நிரபராதி. பார்க்காமலே தூக்கிப்போடுவதுதான் நம் வழக்கம். அடுத்த பிளக் வாங்குமுன் பாயிண்டைத் துடைத்து, இடைவெளியை 0.4 மி.மீ. வைத்து, கண்டன்சரை மாற்றிப் பாருங்கள்.