ஸ்டீல் கிதார் உடையார்

இசைக்கருவி வைத்திருப்போரை வாசிப்பவர், வாசிக்கக் கற்பவர், வாசித்து விட்டுவிட்டவர் என மூன்று வகையில் அடக்கிவிடலாம் என்று தோன்றினாலும், அமெரிக்காவின் தென்மாநிலங்களில், குறிப்பாக டென்னசியிலும் டெக்சாசிலும், இம்மூன்றிலும் அடங்காத நான்காம் வகையார் ஒருவர் உண்டு. அவரை இங்கு 'உடையார்' என்று குறிப்பிடுவது பொருந்தும். உடையார் எனப்படுபவர், ஒரு காலத்தில் ஒரு மேதைக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டு, அம்மேதையால் மேடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் வாசிக்கப்பட்டு, பின்னர் இரண்டு மூன்று கை மாறித் தம் வீட்டு முன்னறைக்கு வந்துசேர்ந்த பெடல் ஸ்டீல் கிதார் ஒன்றின் சட்டப்படியான உரிமையாளர் ஆவார். 'உரிமையாளர்' என்ற சொல்லை அவர் விரும்புவதில்லை. தம்மைப் 'பாதுகாவலர்' என்று சொல்லிக்கொள்வதே அவருக்கு உவப்பு. விலை கொடுத்து வாங்கினீர்களா என்று யாராவது கேட்டுவிட்டால், மூலவர் சிலையை என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று தர்மகர்த்தாவிடம் கேட்டதுபோல் அவர் முகம் சுருங்கிவிடும்.

உடையாரை விளங்கிக்கொள்ளக் கருவியை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டீல் கிதார் எஃகால் ஆனதன்று. கிதாரைப் படுக்கவைத்து, இடக்கையில் பிடித்த வழவழப்பான எஃகுத் துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் நகர்த்தி வாசிப்பதால் வந்த பெயர் அது. கோட்டுவாத்தியத்தின் தந்திகள்மேல் மரக்கட்டை வழுக்கிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெக்குகு என்பவர் இதை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியின் வழியாக இந்த ஒலி அமெரிக்கா முழுவதையும் பிடித்துக்கொண்டது. எஃகுத் துண்டு நேரானது என்பதால் தந்திகள் அனைத்தும் ஒருசேர ஏறும், ஒருசேர இறங்கும். அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே ஏற்ற வேண்டுமானால் கைக்கு எளிய வழியில்லை. அந்த வேலையைக் காலிடம் ஒப்படைக்கவே பெடல்களும், பின்னர் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் சேர்க்கப்பட்டன. 1954இல் வெப் பியர்ஸ் பாடிப் பெருவெற்றி பெற்ற 'ஸ்லோலி' என்ற பாடலில், பட் ஐசாக்ஸ் என்பவர் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுருதியை வளைத்துக் காட்டியதும், நாட்டிலுள்ள ஸ்டீல் கிதார்க்காரர்கள் எல்லாருக்கும் தங்கள் கருவியில் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் வந்துவிட்டது.

அக்காலத்தில் இத்தகைய கருவி கடையில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. கலிபோர்னியாவின் டௌனி நகரில் பால் பிக்ஸ்பி என்ற பட்டறைக்காரர், மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் உலோக வேலையிலும் பழகிய கையால், கேட்பவருக்குக் கேட்டபடி ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தார். 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற வாசிப்பாளருக்கு அவர் செய்த பெடல் கிதார் அவ்வகையில் பெயர்பெற்றது. பறவைக்கண் மேப்பிள் எனப்படும், சிறு சிறு கண்கள் விழித்திருப்பது போன்ற புள்ளிகள் நிறைந்த மரத்தில் உடலை அமைத்து, வார்ப்பு அலுமினியத்தில் உறுப்புகளைப் பொருத்தி, முகப்பில் வாசிப்பவரின் பெயரையே பெரிய எழுத்துகளில் பதித்துக் கொடுப்பது அவர் வழக்கம். வரிசை எண்ணுக்குப் பதிலாகக் கருவி முடிக்கப்பட்ட தேதியையே அவர் உலோகத்தில் பொறித்துவிடுவார் என்பது உடையாருக்குக் கிடைத்த பெரும்பேறு. பிறந்த நேரம் ஒன்று மட்டும் தெரிந்துவிட்டால் ஜாதகமே கணித்துவிடலாம்.

முகப்பிலுள்ள பெயர் மட்டும் சில சங்கடங்களைத் தரும். உடையார் எப்போதாவது தேவாலய விருந்திலோ ஊர்த் திருவிழாவிலோ அக்கருவியுடன் அமரும்போது, எதிரே உள்ளவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது இன்னொருவர் பெயர். நிகழ்ச்சி முடிந்ததும் முதியவர் ஒருவர் அருகில் வந்து, தாங்கள் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேனே என்று கனிவுடன் விசாரிப்பதுண்டு. உடையார் இதை மறுப்பதில் அவ்வளவு அவசரம் காட்டுவதில்லை.

உடையாரின் நாளில் பெரும்பகுதி ஆராய்ச்சியில் கழிகிறது. தம் கிதார் மேதையின் கிதார்தான் என்பதை நிறுவுவதற்கு அவர் கையாளும் முறை, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் முறைக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. பழைய இசைத்தட்டு உறையொன்றைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியின் வழியே அதிலுள்ள கறுப்பு வெள்ளைப் படத்தில் மேப்பிள் மரத்தின் கண்களை எண்ணுவார். இடப்பக்கக் காலுக்கு மேலே முக்கோணமாக மூன்று கண்கள், அவற்றுக்குச் சற்றுத் தள்ளி வால் நீண்ட ஒரு புள்ளி. பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு, தரையில் முழந்தாளிட்டு, கிதாரின் முகப்பில் அதே மூன்றையும் அந்த வால் புள்ளியையும் தேடுவார், இருக்கும். மரத்தின் கோலம் மனிதனின் ரேகைபோல் ஒன்றுக்கொன்று ஒவ்வாதது என்பதால் இச்சான்று வலுவானதே. ஆனால் அது வலுவானதென்று நேற்றே நிறுவப்பட்டுவிட்ட பிறகு இன்று காலை மீண்டும் முழந்தாளிடுவதற்கு ஆராய்ச்சியைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்த சான்று சிகரெட்டுத் தழும்பு. தந்திகளை முறுக்கும் பகுதியின் ஓரத்தில், அரை அங்குல நீளத்தில், பழுப்பேறிய ஒரு தீக்காயம் உண்டு. மேதை பாட்டுக்கு நடுவே எரியும் சிகரெட்டை அங்கே செருகிவைப்பார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தம் வீட்டு எல்லைக்குள், தோட்டம் உட்பட, எவரும் புகைக்கக் கூடாதென்று கண்டிப்பாக நடந்துகொள்ளும் உடையார், இத்தழும்பைத் துடைக்கும்போது மட்டும் துணியை மாற்றி மெல்லியதாக ஒன்றை எடுத்துக்கொள்கிறார். மேதை நெஞ்சுநோயில் இறந்தாரா என்ற கேள்வியை அவ்விடத்தில் கேட்பது நாகரிகமன்று.

இனி, உடையாரின் கால்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்வகையாரின் பெருமையும் பாடும் அங்கேதான் இருக்கின்றன. பெடல் ஸ்டீல் கிதார் என்பது கைக்குச் செய்யப்படும் கருவி என்பதைவிட உடல் முழுவதற்கும் தைக்கப்படும் சட்டை என்பதே சரி. கருவியின் உயரம், பெடல்களின் இடைவெளி, நெம்புகோல் முழங்காலின் எந்தப் பக்கத்தைத் தொடும் என்பன எல்லாம் வாசிப்பவரின் அளவைப் பொறுத்தவை. மேதை நெடிய கால்கள் உடையவர், உடையார் அப்படியில்லை. கருவியின் கால்களையும், பெடல்களைக் கருவியோடு இணைக்கும் உலோகக் கம்பிகளையும் குட்டையாக்கிக்கொண்டால் தீர்ந்துவிடும் சிக்கல்தான் இது. உடையாரோ இருக்கையின்மேல் முதலில் ஒரு திண்டையும், அது போதாமற்போகவே இரண்டாவது திண்டையும் போட்டுக்கொண்டு, கால்விரல் நுனியால் பெடலை எட்டும் ஒருவகை யோகநிலையைக் கண்டடைந்திருக்கிறார். மருத்துவர் இடுப்புவலிக்குக் காரணம் கேட்டபோது அவர் சொன்ன விடை மருத்துவக் குறிப்பேட்டில் எழுதத்தக்கதாக இல்லை.

பெடல்களின் வரிசை அதைவிடக் கொடியது. இத்துறையில் இருபெரும் மரபுகள் உண்டு: பெடல்களை இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று அடுக்குவது படி எம்மன்ஸ் என்ற வாசிப்பாளர் பெயரால் வழங்கும் அமைப்பு, அதையே தலைகீழாக, சி, பி, ஏ என்று அடுக்குவது ஜிம்மி டே என்ற மற்றொரு வாசிப்பாளர் பெயரால் வழங்கும் அமைப்பு. உடையார் இளமையில் கற்றது முன்னது. அவர் பாதுகாக்கும் கருவி பின்னது. ஆகவே அவர் கால் ஒரு தந்தியை ஏற்ற நினைக்கும் இடத்தில் கிதார் வேறொன்றை ஏற்றுகிறது. கண்ணீர் வரவேண்டிய முடிவு வரியில் கேட்பவர்களுக்கு வியப்பு வருகிறது. தேர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் ஓரிரு நாளில் இதை மாற்றித் தந்துவிடுவார் என்பது உடையாருக்குத் தெரியும். ஆனால் மேதை அமைத்த வரிசை மூலபாடம்; அதில் கைவைப்பது இடைச்செருகல்.

கருவியின் குறைகள் அனைத்தும் இவ்வாறே குணங்களாக ஏற்கப்பட்டுவிடுகின்றன. பெடலை மிதிக்கும்போது கம்பிகள் இழுக்கும் இழுப்பில் உடல் மரம் மயிரிழை அளவு வளைந்துகொடுப்பதால், மிதிக்கப்படாத தந்திகளும் சற்றே சுருதி இறங்கும். இதைத் துறையார் 'கேபினட் டிராப்', அதாவது உடல் இறக்கம், என்பர். புதிய கருவியில் இது மிகுந்திருந்தால் திருப்பி அனுப்புவார்கள். உடையார் இதைக் கருவியின் 'குரல்' என்கிறார். இரண்டாம் பெடல் எழுப்பும் கிறீச்சொலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்; ஆயினும் பழைய இசைத்தட்டு ஒன்றில் இதே கிறீச்சொலி கேட்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டதால், எண்ணெய்க் குப்பி முன்னறைக்குள் வருவதில்லை.

இதையெல்லாம் மேதைகள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்பது ஊகத்துக்குரியதன்று. அவர்கள் நடந்துகொண்ட விதமே விடை சொல்லும். படி எம்மன்ஸ் இளமையில் பிக்ஸ்பி கிதாரை வாசித்தார். ஐசாக்ஸ் ஒரே பெடலில் செய்ததை இரண்டு பெடல்களாகப் பிரித்துக்கொண்டார். ஷாட் ஜாக்சன் என்ற சக வாசிப்பாளரோடு சேர்ந்து ஷோ-பட் என்ற பெயரில் கிதார் செய்யத் தொடங்கினார். அதிலும் நிறைவு காணாமல் 1960களில் தம் பெயரிலேயே வேறொரு நிறுவனத்துக்கு அடியிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவர் எடுத்ததும் பிரித்ததும் வைத்ததும் இவ்வளவு. அவருக்குக் கிதார் ஏர். ஏரை உழவன் பழுதுபார்ப்பான், மாற்றுவான், நல்லது வேறொன்று வந்தால் கொல்லைப்புறத்தில் சாத்திவைப்பான். அப்படிச் சாத்திவைத்த ஏரை எடுத்துவந்து சந்தனம் தடவிக் கூடத்தில் நிறுத்துபவர் உடையார்.

எனினும் அவரை எள்ளி நகையாடிவிட்டுப் போவது நீதியாகாது. வாசித்தவர்கள் பலர் தாம் வாசித்த கருவி எங்கே போயிற்று என்பதையே மறந்துவிட்ட துறை இது. எந்தக் கருவி எந்த ஆண்டில் எவர் கையில் இருந்தது, எவர் அதற்கு நெம்புகோல் சேர்த்தார், எவர் பழைய வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார் என்னும் வரலாறு எஞ்சியிருக்கிறதென்றால், அது பெரும்பாலும் முழந்தாளிட்டு மரத்தின் கண்களை எண்ணிய மனிதர்களால்தான். ஸ்டீல் கிதார் மாநாடு எந்த ஊரில் கூடினாலும், பெட்டியோடு 30 கிலோவை ஒட்டிய அந்தச் சுமையை இடுப்புவலியோடு காரில் ஏற்றி இறக்கிக் கொண்டுவருபவரும் அவரே. அங்கு இளைஞர் ஒருவர் சற்று வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டால், உடையார் முதலில் அவரது இடுப்புக்கச்சையின் உலோகக் கொக்கியைப் பார்ப்பார், பிறகு விரல் நகங்களைப் பார்ப்பார், இறுதியில் நெடுமூச்செறிந்து இரண்டு திண்டுகளையும் எடுத்துவிட்டு இடம் தருவார். நெடிய கால்களையுடைய அவ்விளைஞர் அமர்ந்து, பெடல் வரிசை தலைகீழாக இருப்பதை அரை நிமிடத்தில் அவர் கால் உணர்ந்துகொள்ள, அதன்பின் பத்து நிமிடம் அம்மரத்திலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு உடையார் அசையாமல் நிற்பார்; தழும்பைத் துடைக்கும் துணி கையிலேயே இருக்கும்.

இக்கருவியின் மூன்றாம் தந்தி 0.011 அங்குலக் கனமே உள்ளது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அரைச்சுரம் மேலே இழுக்கப்படுவதால் அறுந்துபோவதில் பெயர்பெற்றது. ஆகவே நாள்தோறும் வாசிப்பவர் எவரும் அதில் நாலைந்தைக் கையோடு வைத்திருப்பர். உடையாரின் பெட்டி மூடியிலுள்ள பையில், மேதை அறுத்த மூன்றாம் தந்தி ஒன்று கண்ணாடித்தாளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத் தந்தி ஒன்றுகூட இல்லை. இத்தனை ஆண்டுகளில் அதற்குத் தேவை ஏற்படவில்லை.