இதுவே போதுமுங்க

“அதுக்குன்னு தனியா நாலாயிரம் ரூபா எதுக்குங்க? அலமாரியில பழைய போன் சும்மாதானே கெடக்குது!”

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இந்தக் குரலைக் கேட்காதவர் இருக்க முடியாது. வேலந்தாவளத்தில் ஒருவர், மீனாட்சிபுரத்தில் ஒருவர், இடுக்கி மலைமேலே பூப்பாறையில்கூட ஒருவர் என்று ஊருக்கு ஊர் உண்டு. கொழிஞ்சாம்பாறை அண்ணன் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். வண்டி கே.எல்.70. பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். போன் ஸ்டாண்டைத் திட்டும்போது மட்டும் முழுத் தமிழ்.

சாலையைப் பதிவுசெய்யும் கார் கேமராவான டாஷ்கேமை வாங்காமல் நாலாயிரத்தை மிச்சம் பிடிக்க அவர் வாங்கியவை: போனைக் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டு, அதன் ரப்பர் வெயிலில் இளகி விழுந்ததால் இன்னொரு ஸ்டாண்டு, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர், அதன் வயர் எட்டாததால் நீள வயர், அது கியரில் மாட்டியதால் ஒட்டிவைக்க டேப்பு. கணக்குக் கேட்டால், “அதெல்லாம் எப்படியும் வீட்டுக்கு வேணுமில்லீங்களா?” என்பார்.

டாஷ்கேமுக்கும் போனுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாததல்ல. டாஷ்கேம், மெமரி கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டுப் புதியதைத் தானே பதிந்துகொள்ளும். வண்டி இடிபட்டால் அந்தக் காட்சியை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும். போனிலும் இப்படிச் சுழற்சியாகப் பதிய இலவசச் செயலிகள் இருக்கின்றன. மகன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். விளம்பரம் வருகிறது என்று அண்ணன் அதைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து பழையதை அழிக்கும் பொறுப்பு முன் சீட்டில் இருக்கும் அவர் மனைவி, நம் அக்காவுடையது. டீக்கடைக்கு டீக்கடை போனைக் கழற்றி, அழித்து, மறுபடி மாட்ட வேண்டும். சாய்வு சரியில்லை என்றால் அண்ணன் மறுபடி கழற்றச் சொல்வார்.

போனின் சாதாரண கேமராவில் முழு எச்.டி. வீடியோ நிமிடத்துக்கு 130 எம்.பி. வரை தின்னும். போனில் 10 ஜி.பி. காலியாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஓடும். மூணாறுக்குப் புறப்பட்டால் பொள்ளாச்சி நெரிசலும் உடுமலைப்பேட்டை லாரிகளுமே அதை நிரப்பிவிடும். யானை நடமாடும் சின்னாறு அதற்கப்புறம்தான் வருகிறது.

அப்படித்தான் ஒருமுறை, மறையூர் தாண்டி மலை ஏறும்போது, படையப்பா எதிரே வந்து நின்றது. ரஜினி படத்தின் பெயரைச் சுமந்துகொண்டு மூணாறு வட்டாரத்தில் சுற்றுகிற அந்தக் கொம்பன் யானையைப் பார்க்கத்தான் ஊர் முழுக்க அலைகிறது. வண்டிகளெல்லாம் அடங்கி நின்றன. அண்ணன் போனைப் பார்த்தார். இடமில்லை என்று திரையில் எழுதியிருந்தது.

“சீக்கிரம் ஏதாச்சும் அழி.”

“எதை அழிக்கறது? இது நம்ம பாப்பா வளைகாப்பு.”

“அது மூணு இருக்குதே, ஒண்ணை அழி.”

“மூணும் வேற வேறங்க. இதுல எங்கம்மா இருக்காங்க.”

அக்காவின் அம்மாவை அழிப்பதா வேண்டாமா என்ற விவாதம் முடிவதற்குள் படையப்பா தேயிலைச் சரிவில் இறங்கிப் போய்விட்டது. அன்று இரவே பின்னால் நின்ற ஜீப்காரர் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அதே யானை, ஓரத்தில் அண்ணனின் கார். அதைச் சேமித்து வைக்கவும் போனில் இடமில்லை.

வெயில் இன்னொரு கதை. ஐபோனையே 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் நிழலிலேயே 41 டிகிரியைத் தாண்டியது. நிறுத்திய காரின் கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு இருந்திருக்கும்! சூட்டுக்குப் பயந்துதான் பல டாஷ்கேம்களில் லித்தியம் பேட்டரிக்குப் பதிலாகக் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள். அண்ணனின் போன் உப்பிய பூரி மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கலாம் என்று கடைக்காரர் எச்சரித்தார். அண்ணன் ஈரக் கைக்குட்டை போட்டுப் பார்த்தார். அக்கா இறங்கி நின்றுகொண்டதும் அடுத்த போனுக்கு மாறினார்.

நடுவில் வேறு மாற்றுகளும் வந்து போயின. மருமகனின் ஆக்‌ஷன் கேமரா பேட்டரி தீர்ந்து திரும்பிப் போனது. வீட்டு வாசலில் இருந்த வைஃபை கேமராவைக் கழற்றி பவர் பேங்கில் மாட்டினார். ஆள் நடமாட்டம் கண்டால் எச்சரிப்பதுதான் அதன் தொழில். பொள்ளாச்சி சந்தையைக் கடக்கும்வரை எச்சரித்துக்கொண்டே வந்தது. சின்னாறு காட்டில் சிக்னல் போனதும் வாயடைத்துவிட்டது. 2023ல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டரில் டாஷ்கேமைக் கம்பெனியிலேயே பொருத்தித் தருகிறார்கள் என்று சொன்னால், “அதுக்காகக் காரை மாத்தச் சொல்றீங்களா?” என்பார். ரஷ்யாக்காரன் கார் கேமராவில் எரிகல் விழுந்ததையே பிடித்தான் என்று 2013 செல்யாபின்ஸ்க் கதையைச் சொல்வதும் அவரேதான். அவை டாஷ்கேம்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

கடைசி வாதம், சர்க்கார் கேமரா. கேரளத்தில் 726 கேமராக்கள் கொண்ட திட்டத்தில் 2023 ஜூன் 5 அன்று அபராதம் போட ஆரம்பித்தார்கள். “ரோடு பூரா அவனே படம் பிடிக்கிறான், நமக்கெதுக்குங்க?” அவற்றில் பெரும்பாலானவை ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் பார்க்க வைத்தவை, நம் காரை இடித்தவனைப் பிடித்துத் தர அல்ல. போன் ஸ்டாண்டை நிமிர்த்த பெல்ட்டை அவிழ்த்தபோது அதில் ஒன்று அண்ணனைப் பிடித்தது. 500 ரூபாய். நோட்டீசை அவர் கடைத்தெருவில் எல்லாரிடமும் காட்டினார்: “பாருங்க, படம் எவ்வளவு தெளிவா இருக்குது!”

சிரிப்பு போடிமெட்டு மலைப்பாதையில் நின்றுவிடுகிறது. 17 கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், எதிரே ஏலத் தோட்டத்துக்கு ஆளேற்றி வரும் ஜீப்புகள். அங்கேயும் அண்ணனின் ஒரு விரல் போன் திரையில்தான் இருக்கிறது. ஸ்டாண்டில் வைத்து வழி பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறதே என்கிறார். வழி பார்க்கத்தான் அனுமதி. வளைவில் போனைத் தட்டிக்கொண்டிருக்க இல்லை. இதில் விளையாட ஒன்றுமில்லை. உடன் வருகிறவர்களுக்கும் உயிர் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுச் செய் என்று சொன்னால் கோபம் வேறு.

ஆனால் வேலந்தாவளம் சாலையில் பைக்கில் போன பையனை லாரி தட்டிவிட்டுப் போனபோது, அபூர்வமாக எல்லாம் கூடிவந்தது. போனில் இடம் இருந்தது, சூடு ஏறவில்லை, அழைப்பு எதுவும் வரவில்லை. லாரி நம்பர் தெளிவாக விழுந்தது. யாரென்றே தெரியாத பையனுக்காக அண்ணன் ஒரு பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். பதிவான கருவியையே கொண்டுவந்து உரிமையாளர் சாட்சிக் கூண்டில் ஏறினால் சான்றிதழ் வேண்டாம் என்று பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2020ல் சொல்லியிருந்தது. யாரோ இதை எடுத்துச் சொன்னதும், அண்ணன் யோசிக்கவேயில்லை. போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். சாட்சி சொல்ல எப்போது கூப்பிட்டாலும் வருவதாக எழுதியும் கொடுத்தார்.

போன் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஸ்டாண்டு காலி. இப்போது டாஷ்கேம் வாங்கிவிடுவார் என்று அக்கா நம்பினார். அண்ணன் தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்: “பழைய போன் ஏதாச்சும் சும்மா கெடக்குதுங்களா?”